ஒரு துண்டு கறுப்பு டேப்

“லைட்டை அணைக்கணும்னா என்கிட்ட என்னத்துக்கு வாரிய? அதுக்கு இது போதுமே” என்பார் அண்ணாச்சி. மேசை இழுப்பறையைத் திறந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து நீட்டுவார். “இந்தாரும். லைட்டு மேல ஒட்டிக்கிடும். எரியுதது தெரியாது. நிம்மதியா ஓட்டும்.”

ஆள் பார்த்துப் பேசுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. பூ மார்க்கெட் வியாபாரிக்கும் அதே டேப்தான், எங்கள் பள்ளித் தாளாளருக்கும் அதே டேப்தான். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. சிரித்துவிட்டு வண்டியை விட்டுப் போனவர்கள் உண்டு. அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு போனவர் மட்டும் யாரும் இல்லை. கிழித்த டேப்பை வீணாக்க மனசு வராமல் மேசை விளிம்பில் ஒட்டி வைப்பார். விளிம்பு முழுக்க வரிசையாகக் கறுப்புத் துண்டுகள் தொங்கும்.

கழுகுமலை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. கார், வேன்களின் எலெக்ட்ரிக் வேலை பார்ப்பார். குறிப்பாக டீசல் வண்டிகளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக எரியுமே, இஞ்சின் லைட், புகைக்குழாய் லைட், அதில் அவர் கெட்டிக்காரர். மற்றக் கடைகளில் ஸ்கேனரைச் செருகி, கோளாறை ஒரு பட்டனில் அழித்து, அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். இவர் அழிக்க மாட்டார். ஏன் எரிந்தது என்று தெரிகிற வரைக்கும் கொட்டகையில் வண்டி கிடக்கும், சொந்தக்காரன் திட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போவான்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கு மூன்று வேன்கள். கணக்கு டீச்சர் என்றால் எல்லாக் கணக்கும் பார்ப்பாள் என்று தாளாளருக்கு ஒரு நினைப்பு, அதனால் வேன் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார். அப்படித்தான் அவரை எனக்குத் தெரியும். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. இரண்டும் உண்மை, என்ன செய்ய?

முதல் தடவை போனது இரண்டாம் வேனுக்காக. காலையில் பிள்ளைகளை ஏற்றிவரும்போது லைட் எரியும். கடைக்குக் கொண்டுபோனால் எரியாது. மூன்று கடைக்காரர்கள், “லைட்டே இல்லையே டீச்சர், எதைப் பாக்கச் சொல்லுதிய?” என்று என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். டிரைவர் முத்துப்பாண்டிதான் இவரைச் சொன்னான். சொன்னவன், “ஆனா பொறுமை வேணும் டீச்சர். போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேப்பாக” என்றும் சொன்னான்.

கேட்டார். பானெட்டைத் திறக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து பொரிகடலை எடுத்து மென்றுகொண்டே மூன்று கேள்வி கேட்டார்.

“எப்ப வந்துச்சு? எங்கன வந்துச்சு? அப்ப யாரு ஓட்டுனா?”

எப்போது, எங்கே என்பது சரி. யார் ஓட்டினால் என்ன என்று கேட்டேன். “என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? வண்டி தனியாவா ஓடுது?” என்றார். முத்துப்பாண்டி சொன்ன பதில்களைப் பேப்பரில் எழுதவில்லை. பால்பாயிண்ட் பேனாவால் தன் இடது முன்கையில் எழுதிக்கொண்டார். அதுதான் அவருடைய நோட்டுப் புத்தகம். வேலை முடிகிற வரைக்கும் அந்த எழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ மாட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சில சமயம் முழங்கை வரைக்கும் எழுத்து இருக்கும், அந்த வாரம் யாருடைய வண்டியோ அவரைப் பாடாய்ப் படுத்துகிறது என்று அர்த்தம்.

மூன்று நாள் காலையில் எங்கள் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பின்னால் பிள்ளைகள் கூப்பாடு போட்டன, ஒரு யூகேஜி வாண்டு எழுந்து வந்து அவர் மூக்கில் விரலை வைத்து ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்தது. அவர் அசையவில்லை. மூன்றாம் நாள் ஒரு திருப்பத்தில் இடது பக்கம் ஒடித்தபோது கையைத் தூக்கினார். “இங்கன!” என்றார். லைட் எரிந்தது. இடதுபக்கம் ஒடிக்கும்போது மட்டும் புகைக்குழாய்க்குப் போகிற ஒரு ஒயர் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. தோல் போன ஒயர் அரை இஞ்ச்கூட இருக்காது.

தாளாளர் அதற்கும் சத்தம் போட்டார். “ஒரு லைட்டை அணைக்க மூணு நாளா?” என்றார். உடனே டேப் நீண்டது. நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

“எரியுத லைட்டு பொய் சொல்லாது டீச்சர். அணைஞ்ச லைட்டுதான் பொய் சொல்லும்” என்று அடிக்கடி சொல்வார். இன்னொன்றும் சொல்வார். “வந்து நிக்க நோக்காட்டுக்கு மருந்து உண்டு. வந்து வந்து போற நோக்காடுதான் ஆளைச் சாய்க்கும்.” காரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். அதில் எனக்கு ஒரு பயமும் இருந்தது. ஒரு பூ வியாபாரியின் வண்டியில் வாரத்துக்கு இரண்டு நாள் லைட் வந்துபோகும். இவர் தரை விரிப்பைத் தூக்கி மோந்துபார்த்தார். “பின்சீட்டுல பிச்சிப்பூ மூட்டை ஏத்துதீரு. ஈரச் சாக்கு. தண்ணி கீழ எறங்கி ஒயரு மூட்டுல நிக்கி” என்றார். வியாபாரி, “பூவை லோடு வண்டியிலதான ஏத்துதோம்” என்று சாதித்தார். “அப்ப லோடு வண்டிக்குத் தெரியாம நீரு தனியா ஏத்துத பூவு எங்க போவுது வே?” என்று இவர் கேட்டதும் அந்த மனுஷர் முகம் செத்துப்போனது. பக்கத்தில் அவருடைய கூட்டாளி நின்றுகொண்டிருந்தார். கூட்டு அந்த மாதமே பிரிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் டீச்சர். ஒயரை மட்டும் பாத்திருக்கலாம்” என்று தானாகவே சொன்னார். அவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சம்பவம்தான் பின்னால் என் குடியையும் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொரு சமயம் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்தார். காரை விற்கப் போகிறாராம், வாங்குகிறவன் வருவதற்குள் லைட்டை அழித்துத் தர வேண்டுமாம். “அழிக்கலாம் வே. ஆனா அழிச்சதையும் அது உள்ள எழுதி வச்சுக்கிடும். அழிச்சதுல இருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு இந்த ஸ்கேனர்ல வரும். வெவரம் தெரிஞ்சவன் பாத்தா மாட்டிக்கிடுவீரு” என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் வகுப்பில் பிள்ளைகள் எச்சில் தொட்டு விடையை அழிப்பார்கள். தாள் நைந்துபோய் அழித்த இடம்தான் முதலில் கண்ணில் படும். அதைச் சொன்னேன். “அதேதான் டீச்சர்” என்று ரொம்ப சந்தோஷப்பட்டார்.

எங்கள் வீட்டுக் காரும் டீசல். என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலியில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. போக ஐம்பத்தாறு கிலோமீட்டர், வர ஐம்பத்தாறு. தினம் இவ்வளவு ஓட்டுகிறவர்களுக்கு டீசல்தான் கட்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதே நான்தான். காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவார். ஒரு மணிக்கு நான் போன் போட்டு, “சாப்பிட்டாச்சா?” என்பேன். “ஆச்சு” என்பார். ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை, குறையும் சொல்ல மாட்டார்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அவருக்கு ஜலதோஷம். வாசுதேவநல்லூரில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. காரை நான் எடுத்துக்கொண்டு போனேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் இரண்டு லைட் எரிந்தன. ஒன்று இஞ்சின் லைட். மற்றது புகைக்குழாய்க்குள் புள்ளி புள்ளியாகப் படம் போட்டது. வண்டியை ஓரம்கட்டினேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், “அது அப்பப்ப வரும், போகும். நீ ஓட்டு” என்றார். அதேபோல் திரும்பி வரும்போது புளியங்குடி தாண்டியதும் புகைக்குழாய் லைட் தானாகப் போய்விட்டது. இஞ்சின் லைட் மட்டும் நின்றது. ஆனாலும் நான் யாரிடம் பழகியவள்! ‘அணைஞ்ச லைட்டுதான் பொய் சொல்லும்’ என்று மனசு அடித்துக்கொண்டது. வண்டியை நேரே கொட்டகைக்கு விட்டேன்.

ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பொகைக்குழாயில கரி புடிக்க டப்பா ஒண்ணு இருக்கு டீச்சர். இஞ்சின் கக்குத கரியெல்லாம் அதுல தங்கும். வண்டி அரை மணி நேரம் ஒரே சீரா ஓடுனா டப்பா சூடாகி கரி தன்னால எரிஞ்சுரும். ஓடாம நின்ன எடத்துலயே உறுமிக்கிட்டு இருக்க வண்டிக்குத்தான் டப்பா அடைக்கும்” என்றவர், நிறுத்தினார். “வழக்கமா யாரு ஓட்டுதா?”

“எங்க வீட்டுக்காரங்கதான். தெனம் திருநெல்வேலி போயிட்டு வாராங்க.”

“தெனமுமா?”

“ஆமா.”

“தெனமுமா டீச்சர்?”

“என்ன அண்ணாச்சி, தெனமுந்தான். லீவு நாளைத் தவிர.”

மூன்றாம் தடவையும் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் எழுந்து போய்க் கண்ணாடிக்குக் கீழே, பானெட் இடுக்கில் விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்தார். காய்ந்த வாகை நெற்று. தட்டையாக, உள்ளே விதை கலகலவென்று ஆடியது. இன்னும் ஐந்தாறு கிடந்தன. ஒன்றை மட்டும் சட்டைப் பையில் பொரிகடலையோடு போட்டுக்கொண்டார். கையில் பேனாவால் ஒன்றும் எழுதவில்லை. அதைக் கவனித்தேன், அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

“திங்கக்கிழமை சாரை வரச் சொல்லுங்க” என்றார்.

“ஏன், என்கிட்டச் சொன்னா புரியாதா?”

“ஓட்டுறவகளுக்குத்தான் டீச்சர் லைட்டு” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொம்பளையிடம் என்ன சொல்வது என்று நினைக்கிறார் போல, இவரும் இப்படித்தானா என்று பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் போனார். சாயங்காலம் வந்தபோது லைட் இல்லை. என்னவாம் என்று கேட்டேன். “டீசல்ல தண்ணியாம்” என்றார். பங்க்காரனை நான் நாலு வார்த்தை திட்டினேன். அவரும் சேர்ந்து, “ஆமா ஆமா” என்றார்.

அதற்குப் பிறகு பங்குனி, சித்திரை, வைகாசி. வேன் வேலையாக அவர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

“டீச்சர், சார் ஏதும் சொன்னாகளா?”

“இல்ல அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லல. லைட்டு வரலையாம்.”

“ஏதும் சொல்லலையா?”

“சொல்லலையே.”

பொரிகடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு வேலையை முடித்த பிறகும் இப்படி விசாரிக்கிற மெக்கானிக் உண்டா என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பள்ளி திறந்த வாரம். ஒரு மணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஒன்றரைக்கு எடுக்கவில்லை. இரண்டுக்கும் எடுக்கவில்லை. ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. லைன் கோளாறு என்று நினைத்தேன். ரோட்டில் ஏதோ ஆகிவிட்டது, எங்கேயோ அடிபட்டுக் கிடக்கிறார் என்றுதான் எனக்குள் ஓடியது. முத்துப்பாண்டி வேனை எடுத்தான். பனவடலிசத்திரத்தில் இறங்கிக் கேட்டோம். தேவர்குளத்தில் கேட்டோம். ரோட்டோரம் நின்ற வெள்ளைக் காரையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். முத்துப்பாண்டி நாலைந்து பேருக்குப் போன் பண்ணி, “டீச்சர் வீட்டு சாரைக் காணும், திருநெல்வேலி ரோட்டுல தேடுதோம்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். அதில் ஒருவர் அண்ணாச்சி.

மானூருக்குப் பக்கத்தில் இருக்கும்போது என் போன் அடித்தது.

“டீச்சர், திரும்பி வாங்க. சார் இங்கன இருக்காக.”

“இங்கனன்னா எங்கன அண்ணாச்சி?”

“நம்மூருதான். கரிவலம் ரோட்டுல கொளத்தங்கரை. வாகை மரத்தடி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வாங்க.”

நம்மூர் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. திருநெல்வேலி போனவர் கரிவலம் ரோட்டில் என்ன செய்கிறார்? ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டர், அதுவும் எதிர்த்திசையில்!

வாகை நிழலில் கார் நின்றிருக்கிறது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம், ஏசி ஓடிக்கொண்டிருந்ததாம். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. சாப்பாட்டுப் பை பிரிக்காமல் பக்கத்துச் சீட்டில் இருந்தது. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்திருக்கிறார், வாய் கோணியிருந்திருக்கிறது. அண்ணாச்சிதான் கண்ணாடியைக் கல்லால் உடைத்துக் கதவைத் திறந்திருக்கிறார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர், மத்தியானத்துக்கு முன்னால் மூளையில் அடைப்பு வந்திருக்கிறது என்றார். “ரெண்டு மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா” என்றார். ரெண்டு மணி நேரம்! ஒரு மணிக்குப் போனை எடுக்கவில்லை என்றதும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தால், ஒன்றரைக்கு அந்த மரத்தடியில் நின்றிருப்பேன். நான் மானூர்வரை போய்க் கார்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி கிளையை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காரை எடுத்தேன். பூட்டிக் கிடந்த கார், டிரைவர் பக்கக் கண்ணாடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு டேப் இருந்தது. அதைப் பிய்க்காமல் அப்படியே கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எப்ப வந்துச்சு, எங்கன வந்துச்சு என்ற கேள்வி இல்லை. ஸ்கேனரைச் செருகினார். தட்டித் தட்டி ஒரு இடத்தில் நிறுத்தி, பெட்டியை என் பக்கம் திருப்பினார்.

அழித்ததிலிருந்து ஓடியது: எழுநூற்று நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.

நான் கணக்கு டீச்சர். மனசு தானாகவே போட்டுவிட்டது. நாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஏழு நாள் ஓட்டத்துக்குக்கூடக் காணாது. அது மூன்றரை மாதத்தின் கணக்கு. வீட்டு வாசலில் தினமும் நின்ற கார், அதன் மீட்டரை ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் எட்டிப் பார்த்ததில்லை. இரண்டாம் வேனின் கிலோமீட்டரை மட்டும் தினம் காலையில் பார்ப்பேன்.

“ஒங்களுக்குத் தெரியும்” என்றேன்.

“தெரியும் டீச்சர்.”

“எப்பருந்து?”

“அந்தச் சனிக்கிழமையிலருந்து. திங்கக்கிழமை சார் வந்தாக. ‘சார், இந்த வண்டி திருநெல்வேலியப் பாத்து எத்தனை மாசமாச்சு?’ன்னு கேட்டேன். ஸ்டியரிங்குல தலையச் சாச்சுக்கிட்டு அழுதாக. கொளத்தங்கரை வாகை மரத்தடியிலதான் பகல் பூரா கெடக்கேன்னாக. ஒரு மாசம் பொறுங்க அண்ணாச்சி, வேற வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன், நானே வீட்டுல சொல்லிருதேன்னாக. லைட்டு திரும்ப எரிஞ்சா அவ ஒங்ககிட்டதான் வருவா, அழிச்சு விட்டுருங்கன்னாக.”

“அழிச்சிய.”

“அழிச்சேன்.”

“ஊர்ல உள்ளவன்கிட்டயெல்லாம் மூணு கேள்வி கேக்க வாயி, என்கிட்டச் சொல்ல மட்டும் செத்தா போச்சு?”

“பூக்காரருகிட்ட வாயை வச்சு ஒரு கூட்டைப் பிரிச்சிட்டேன்னு இருந்தேன் டீச்சர். ஒங்ககிட்ட கேட்டுக்கிட்டேதான இருந்தேன். சார் ஏதும் சொன்னாகளா, ஏதும் சொன்னாகளான்னு.”

அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நான் அழவில்லை. அழுதிருக்கலாம். “இது யார் குடுத்தது?” என்று கதவைத் திறந்து மீட்டரைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். பிறகு கதவைப் பிடித்தபடியே மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார், கிரீஸும் டீசலும் ஊறின தரையில்.

“நான் குடுக்கல டீச்சர். மேசையில இருந்து எடுத்திருக்காக” என்றார். “எத்தனை பேருக்குக் கேலியா நீட்டியிருக்கேன். ஒருத்தரும் வாங்குனதில்ல. சார் எடுத்து ஒட்டிட்டாகளே.”

லைட் திரும்ப எரிந்திருக்கிறது. இந்தத் தடவை அழிக்கச் சொல்லி இவரிடம் வர வெட்கமாக இருந்திருக்கும். மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டியிருக்கிறார் என் மனுஷர்.

அவர் எழுந்து மேசை விளிம்பில் இருந்த துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். நான் அங்கேயே நின்று, “என் குடியைக் கெடுத்துட்டிய அண்ணாச்சி. நல்லா இருங்க” என்றேன். நல்லா இருங்க என்பதை எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்தது. சுரண்டுவதை நிறுத்தாமல், “சரி டீச்சர்” என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வேன்களை வேறு கடைக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்த தை மாதம் முத்துப்பாண்டி வந்து, “அண்ணாச்சி போயிட்டாக டீச்சர். காச்சலுன்னு படுத்தாகளாம்” என்றான். அவன் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. அந்த ஏழு மாதமும் கொட்டகைக்கு வந்த எந்தப் பொம்பளையிடமும், வண்டியில் என்ன கண்டாலும், நேருக்கு நேராகச் சொல்லிவிடுவாராம். யாரிடமும் சாரை வரச் சொல்லுங்க என்று சொல்லவே இல்லையாம்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகாமல் இருப்பதைப்போலக் குற்றம் வேறு இல்லை. பகையாளி வீட்டுக்கும் போய்த் திண்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். நான் போகவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டேன். மாலையாவது அனுப்பியிருக்கலாம். கண்ணாடியைக் கல்லால் உடைத்தவரும் அவர்தான். அன்றைக்கு அவர் வாகை மரத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கு இந்த அளவுக்குக்கூட இருந்திருக்க மாட்டார். இதெல்லாம் எனக்கு உறைப்பதற்குள் அவர் மண்ணுக்குள் போயாச்சு.

இப்போது கை, கால் பயிற்சிக்காக என் வீட்டுக்காரரை வாரத்துக்கு மூன்று நாள் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். இடது பக்கச் சீட்டில் பெல்ட் போட்டு, தலைக்கு ஒரு தலையணை வைத்து உட்காரவைப்பேன். டேப்பைப் பிய்த்துவிட்டேன், பசை மட்டும் மீட்டர் கண்ணாடியில் ஒரு கட்டமாக இருக்கிறது. தேவர்குளம் தாண்டும்போது சில நாள் இடது கையைத் தூக்கி அந்த இடத்தைக் காட்டுவார். பேச வராது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“எரியல” என்பேன்.

போக ஐம்பத்தாறு, வர ஐம்பத்தாறு. எங்கள் வண்டி இப்போது உண்மையாகவே திருநெல்வேலிக்குப் போய்வருகிறது. அந்த லைட் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை.